அந்தப் பை அவள் உழைத்து வாங்கியது

வெள்ளிக்கிழமையிலிருந்து என் இன்பொக்ஸுக்கு என் மாணவி ஒருத்தியின் படத்தைப் போட்டு நக்கலடித்த பதிவின் அதே ஸ்கிரீன்ஷொட்டைத்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். போதும், பார்த்துவிட்டேன். பதிவையும் பார்த்தேன், அதற்குக் கீழே விழுந்த சிரிப்புகளையும் பார்த்தேன், சிரித்தவர்களில் எனக்குத் தெரிந்தவர்கள் யார் யார் என்றும் பார்த்தேன். சூட்டோடு எழுதினால் வாய் தடித்துவிடும் என்றுதான் பொறுத்திருந்தேன். ஆனால் நேற்று அந்தப் பிள்ளை போன் எடுத்து, "சேர், நான் அந்தப் படத்தை அழிச்சுப்போட்டன். இனிப் பிரச்சினை வராதுதானே?" என்று கேட்ட பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அழிக்கவேண்டியது அவள் இல்லை.

ஒரு பை, ஒரு தண்ணீர்ப் போத்தல், ஒரு ரீசேர்ட், கொஞ்சம் ஸ்டிக்கர். கூகிளின் கிளவுட் (இணையம் வழியாகப் பயன்படுத்துகிற கணினிகள்) பயிற்சிகளை முடித்ததற்காக வந்தவை. பையைத் தோளில் போட்டு, மற்றதை மேசையில் அடுக்கி, ஒரு படம் எடுத்துத் தன் பக்கத்தில் போட்டாள். அவ்வளவுதான் அவள் செய்தது. அந்தப் படத்தை எடுத்து, முகத்தைக்கூட மறைக்காமல், "பைக்கும் போத்தலுக்கும் படிக்கிற தலைமுறை" என்று எழுதி ஊருக்கே காட்டியிருக்கிறார் ஒருவர். துறையில் பெரிய இடத்தில் இருப்பவர். ஊருக்கு வரும்போதெல்லாம் எங்கள் பிள்ளைகளைக் கூட்டிவைத்து ஊக்கம் கொடுத்துப் பேசுபவர். பெயர் சொல்ல மாட்டேன். அவர் அவளுக்குச் செய்ததை நான் அவருக்குச் செய்ய மாட்டேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அந்தப் பையை அவளுக்கு யாரும் சும்மா கொடுக்கவில்லை. அவள் உழைத்து வாங்கினாள். உழைத்து வாங்கியதைத் தோளில் போட அவளுக்கு முழு உரிமை இருக்கிறது.

இந்தப் பயிற்சி எப்படி நடக்கிறது என்று தெரியாமலே சிரித்தவர்களுக்காகச் சொல்கிறேன். வீடியோவை ஓடவிட்டுவிட்டுச் சான்றிதழ் எடுக்கிற வேலை இல்லை இது. முன்பு குவிக்லாப்ஸ் என்று தனி நிறுவனமாக இருந்ததை 2016 இல் கூகிள் வாங்கியது. அந்த வழியில்தான் இன்றைக்கும் நடக்கிறது. லாப் என்கிற செய்முறைப் பயிற்சியைத் தொடங்கியதும் தற்காலிகமாக ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தருவார்கள். அதை வைத்து உண்மையான கிளவுட்டுக்குள் போகவேண்டும். ஓரத்தில் கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கும். சேர்வரை உருவாக்கு, நெட்வேர்க்கை அமை, டேட்டாவை ஏற்று என்று ஒவ்வொரு படியாகச் செய்து, சரிபார்க்கிற பொத்தானை அழுத்தி, அது ஏற்றுக்கொண்டால்தான் புள்ளி. நேரம் முடிந்தால் செய்தது எல்லாம் போய்விடும், முதலிலிருந்து தொடங்கவேண்டும். ஸ்கில் பட்ஜ் என்கிற திறன் சின்னம் வேண்டுமென்றால் சவால் லாப் என்று ஒன்று வரும். அதில் படிப்படியான வழிகாட்டல் கிடையாது. என்ன செய்யவேண்டும் என்று மட்டும் சொல்வார்கள், எப்படி என்பது உங்கள் பாடு.

ஒரு சனிக்கிழமை வகுப்பில் அவளுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். வேர்ச்சுவல் மெஷின், அதாவது கிளவுட்டுக்குள் ஓடுகிற கணினி ஒன்றை உருவாக்கிவிட்டாள். திரையில் அது பச்சையாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் சரிபார்த்தால் புள்ளி வரவில்லை. திரும்பத் திரும்ப அழுத்துகிறாள். போன் ஹொட்ஸ்பொட்டில் வருகிற இணையம் வேறு விட்டுவிட்டு வருகிறது. நான் வாயே திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கையை எடுத்துவிட்டு இருந்தாள். பிறகு குறிப்பின் தொடக்கத்துக்கே போய் விரலை வைத்து வாசித்தாள். அவர்கள் கேட்ட ஸோன், அதாவது மெஷினை வைக்கவேண்டிய இடம், வேறு, இவள் மெஷினை வைத்த ஸோன் வேறு. அழித்தாள். கட்டளையைத் திரும்பவும் அடித்தாள், இந்த முறை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து. கடிகாரத்தில் கொஞ்ச நிமிடங்களே மிச்சம் இருக்கும்போது புள்ளி விழுந்தது. அவள் கத்தவும் இல்லை, துள்ளவும் இல்லை. அடுத்த படிக்குப் போய்விட்டாள்.

ஏ.எல் எழுதிவிட்டுக் கம்பஸ் தொடங்கும்வரை வீட்டில் இருக்கிற காலம் எவ்வளவு நீளமானது என்று இங்கே பிள்ளை வளர்க்கிறவர்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தை அவள் இப்படிக் கழித்தாள். இதற்குத்தான் சிரித்தீர்கள்.

பார்சல் வந்த அன்று அவளுடைய அம்மா எனக்குப் போன் எடுத்தார். "சேர், பிள்ளையின்ர பேருக்கு வெளிநாட்டில இருந்து சாமான் வந்திருக்கு. காசு ஏதும் கட்டவேணுமோ?" என்று பயந்து கேட்டார். அந்த வீட்டுக்கு வெளிநாட்டுப் பார்சல் புதிதில்லை. கனடாவில் பெரியம்மா இருக்கிறார், வருடா வருடம் சொக்கிலேற்றும் உடுப்பும் வரும். அது பெரியம்மாவின் பாசம். இது ஒன்றுதான் அவள் பெயருக்கு, அவள் செய்த வேலைக்கு வந்தது. இப்போது அந்தப் போத்தல் தண்ணீரே படாமல் ஷோகேஸில் நிற்கிறது, அண்ணன் தமிழ்த்தினப் போட்டியில் வாங்கிய கேடயத்துக்குப் பக்கத்தில். கேடயத்துக்காகத்தானே தமிழ் படித்தாய் என்று அந்தப் பொடியனிடம் யாராவது கேட்டோமா?

நானும் ஒரு பை சுமந்தவன்தான். 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்குப் போனபோது நான் சின்னப் பிள்ளை. பிறகு மரத்துக்குக் கீழே பள்ளிக்கூடம் நடந்த நாட்களில் எங்களுக்குப் பை தந்தார்கள். எல்லாருக்கும் ஒரே பை, ஒரே நிறம், ஒரே சின்னம். உள்ளே கொப்பியும் பென்சிலும். நன்றியோடுதான் வாங்கினோம், இன்றைக்கும் நன்றி இருக்கிறது. ஆனால் அது நான் எதையும் செய்ததற்காகக் கிடைக்கவில்லை. எங்களிடம் ஒன்றும் இல்லை என்பதற்காகக் கிடைத்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டில் நடந்தபோது பார்த்தவர்களின் கண்ணில் இருந்த இரக்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இந்தப் பிள்ளையின் தோளில் இருப்பதும் சின்னம் போட்ட பைதான். ஆனால் என்னுடையது நிவாரணம், அவளுடையது கூலி. இந்த வித்தியாசத்தை அமெரிக்காக்காரனுக்கு நான் விளக்கத் தயார். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவருக்கு விளக்கவேண்டியிருப்பதுதான் வலிக்கிறது.

சரி, கேள்விகளுக்கு வருவோம். யூடியூபில் விடையைப் பார்த்துக் கட்டளைகளை அப்படியே ஒட்டிப் புள்ளி எடுக்கிறார்களே என்பீர்கள். எடுக்கிறார்கள், மறுக்கவில்லை, அது கள்ளம்தான். 2020 இல் ஹக்டோபர்ஃபெஸ்ட் பட்ட பாடும் தெரியும். டிஜிட்டல் ஓஷன் என்கிற கம்பனி 2014 இல் தொடங்கிய விஷயம் அது. ஒக்டோபர் மாதத்தில் யாரும் பார்த்துத் திருத்தம் சொல்லக்கூடிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் திட்டங்களுக்கு நாலு புல் ரிக்குவெஸ்ட், அதாவது நாலு திருத்தம், அனுப்பினால் ரீசேர்ட். 2020 இல் முதல் 70,000 பேருக்கு என்றார்கள். உடனே ஒரு சொல்லைக் கூட்டி ஒரு சொல்லைக் குறைத்து, அடுத்தவனின் திட்டத்துக்குள் குப்பையை அள்ளிக் கொட்டினார்கள். அதைப் பராமரித்தவர்கள் கொதித்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள்ளேயே விதியை மாற்றி, சம்மதித்த திட்டங்கள் மட்டும் என்று ஆக்கினார்கள். 2023 இல் ரீசேர்ட்டையே நிறுத்திவிட்டார்கள். அந்தக் கோபம் நியாயம். அங்கே வீணாய்ப்போனது சம்பளம் இல்லாமல் வேலை செய்தவர்களின் நேரம். கிளவுட் லாப்பில் பார்த்து ஒட்டுகிறவன் யாருடைய நேரத்தை வீணாக்குகிறான்? தன்னுடையதைத்தான். அவனைத் திட்டுங்கள், நானும் கூட வந்து திட்டுகிறேன். அவனுக்கு விழவேண்டிய அடி ஏன் இவள் முதுகில் விழுகிறது?

கம்பனிக்கு ஓசியில் விளம்பரம் செய்கிறாள் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அண்ணை, யாழ்ப்பாண ரவுனுக்குள் ஒருதரம் நடந்து பாருங்கள். கடைப் பெயர்ப்பலகையில் கடைக்காரரின் பெயரைவிடக் கம்பனியின் பெயர் பெரிசு. ரோட்டை மறிக்கப் பொலிஸ் வைக்கிற தடுப்பிலும் விளம்பரம். உங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிற கலண்டர் எந்த வங்கியினுடையது? 1904 இலிருந்து நடக்கிற வடக்கின் பெரும் போருக்கு, யாழ் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸுக்கும் நடக்கிற அந்தக் கிரிக்கெட் மச்சுக்கு, அனுசரணையாளரின் பெயர் அடித்த ரீசேர்ட்டைப் போட்டுக்கொண்டு வருடா வருடம் கொடி பிடிக்கிறோம். அதில் ஒரு பிழையும் இல்லை. எனக்கும் அந்த மச் என்றால் உயிர். ஆனால் அந்த ரீசேர்ட்டை நாங்கள் காசு கொடுத்து வாங்கினோம். இவள் வேலை செய்து வாங்கினாள். இவளுக்கு மட்டும் ஏன் சட்டம் வேறு?

கம்பனிக்கு லாபம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. நாளைக்கு இந்தப் பிள்ளைகள் வேலைக்குப் போகும்போது பழகிய கிளவுட்டைத்தான் கேட்பார்கள் என்ற கணக்கில்தான் தருகிறார்கள். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். படித்தது அவளிடம் இருக்கிறது, அது போதும்.

படிப்பைப் படிப்புக்காகப் படிக்கவேண்டும் என்கிறவர்களிடம் ஒரு கேள்வி. ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் பாஸ் பண்ணினால் சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்று உங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லையா? பத்து வயதுப் பிள்ளைக்குச் சைக்கிளைக் காட்டலாம், இருபது வயதுப் பிள்ளை ஒரு பைக்கு ஆசைப்படக் கூடாதா? 2010 இலிருந்து 2019 வரை கூகிள் கோட்-இன் என்று 13 இலிருந்து 17 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி நடந்தது. ஒரு வேலையை முடித்தால் சான்றிதழ், மூன்றை முடித்தால் ரீசேர்ட். இலங்கைப் பிள்ளைகள் அதில் பெரிய பரிசுவரை போனார்கள். கூகிள் 2005 இல் தொடங்கிய சம்மர் ஒவ் கோட் என்கிற மாணவர் திட்டத்தில் முதல் பத்து ஆண்டுகளில் உலகத்திலேயே அதிக மாணவர்கள் தெரிவானது மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலிருந்துதான். அவர்களுக்கும் ரீசேர்ட் வந்தது. போட்டுக்கொண்டு படம் எடுத்தார்கள், நாங்கள் எல்லாரும் கைதட்டினோம், பெருமைப்பட்டோம். கொழும்புப் பக்கத்தில் இருந்து போட்டால் சாதனை, யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருந்து போட்டால் அற்பத்தனமா?

இதுதான் எனக்கு உறைக்கிறது. பதிவு போட்டவரிடமே சொல்கிறேன்: உங்களுக்கு இந்தச் சாமான்கள் மலிந்துவிட்டன. ஒவ்வொரு மாநாட்டிலும் கை நிறையத் தருவார்கள், வீட்டில் மூலையில் கிடக்கும், ஊருக்கு வரும்போது சொந்தக்காரப் பொடியனுக்குக் கொண்டுவந்து கொடுப்பீர்கள். அப்படிக் கொடுக்கும்போது அவன் சிரித்துக்கொண்டு வாங்கவேண்டும், நன்றி சொல்லவேண்டும். உங்கள் கையால் வாங்கினால் அது அன்பளிப்பு. உங்கள் கையை எதிர்பார்க்காமல் அவளே எடுத்துக்கொண்டதுதான் உங்களுக்குப் பொறுக்கவில்லையோ என்று நினைக்கவேண்டியிருக்கிறது. அப்படி இல்லை என்றால் சந்தோஷம். எனக்குச் சொல்லுங்கள்.

இன்னொன்று. இதை எழுதாமல் விடலாம் என்றுதான் பார்த்தேன். அந்தப் பதிவுக்குக் கீழே ஒருவர், "எந்த அண்ணா செய்து குடுத்தவர், தங்கச்சி?" என்று கேட்டிருந்தார். அதற்கு விழுந்த சிரிப்புதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம். பதிவு போட்டவரும் அதற்கு ஒரு லைக் போட்டிருந்தார். என் வகுப்பில் அதே பையோடு இரண்டு பொடியன்கள் இருக்கிறார்கள். அவர்களும் படம் போட்டார்கள். அவர்களிடம் யாரும் எந்த அக்கா செய்து கொடுத்தவர் என்று கேட்கவில்லை. அவர்களின் படத்தை யாரும் எடுத்து ஊருக்குக் காட்டவும் இல்லை. இதற்குப் பிறகும் உங்கள் கவலை கல்வித்தரம் பற்றியது என்று சொன்னால் நான் நம்பத் தயாரில்லை.

நீங்கள் போன வருடம் பேசிய கூட்டத்தில் அவள் முன் வரிசையில் இருந்து குறிப்பெடுத்தாள். உங்களுக்கு நினைவிருக்காது. கிளவுட் படியுங்கள் என்று சொன்னவர் நீங்கள்தான். அவள் படித்தாள்.

படத்தை எடுத்துவிடுங்கள். விளக்கம் வேண்டாம், மன்னிப்பு வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை, அது உங்கள் மனச்சாட்சி. படத்தை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அதைப் பகிர்ந்தவர்களும் எடுத்துவிடுங்கள். இந்தப் பதிவுக்குக் கீழே என்னைத் திட்டலாம், பதில் சொல்வேன். அவளைப் பற்றி ஒரு சொல் வந்தாலும் புளொக் பண்ணுவேன், சொந்தக்காரர் என்றும் பார்க்க மாட்டேன்.

தங்கச்சி, நீ இதை வாசிப்பாய் என்று தெரியும். நீ அழித்த படத்தைத் திரும்பப் போடுவதும் விடுவதும் உன் விருப்பம். ஆனால் சனிக்கிழமை வகுப்புக்கு அந்தப் பையோடுதான் வரவேண்டும்.