தலையைத்தான் மூடச் சொன்னார், வாயை இல்ல

ஞாயித்துக்கிழமை சர்ச்ல ஒரு அக்கா கையிலிருந்து மைக்க வாங்கினத பத்தி எழுத வேண்டாம்னு மூணு நாளா பல்லக் கடிச்சுட்டு இருந்தேன். அந்த வீடியோவ ஆளாளுக்கு சிரிக்கிற ஸ்மைலி போட்டு ஃபார்வர்ட் பண்றத பாத்தப்புறம் முடியல.

அந்த அக்கா அப்படி என்ன பண்ணிட்டாங்க? சாட்சி சொல்ல, அதாவது கடவுள் தன் வாழ்க்கையில செஞ்சத சொல்ல, கூப்பிட்டாங்க, போனாங்க, ஒரு பைபிள் வசனத்த வாசிச்சு அதுக்கு ரெண்டு வரி விளக்கம் சொன்னாங்க, அவ்ளோதான். உடனே "சிஸ்டர், சாட்சி மட்டும் போதும், பிரசங்கத்த நாங்க பாத்துக்கறோம்"னு மைக்க வாங்கிட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. பெண்களும் சேந்துதான் சிரிச்சாங்க, அத எங்க போய் சொல்ல.

நான் போதகர் பதவி கேக்கல. மொதல்லயே சொல்லிடறேன், இல்லன்னா கமெண்ட்ல அத மட்டும் புடிச்சுட்டு தொங்குவீங்க. உபவாச ஜெபம் நடத்த, ஆஸ்பத்திரில ராத்திரி பூரா கூட உக்கார, பிள்ளைங்களுக்கு வசனம் சொல்லிக்குடுக்க பெண் வேணும், அப்போ அதுக்கு பேரு ஊழியம். அதே பெண் வசனத்துக்கு அர்த்தம் சொன்னா மட்டும் காமெடியா?

"1 தீமோத்தேயு 2:12 படிக்கலையா சிஸ்டர்?" படிச்சேன் பிரதர், உபதேசம் பண்ண பெண்ணுக்கு அனுமதி இல்லன்னு அப்போஸ்தலர் பவுல் எழுதினதுதானே. நீங்க 1 கொரிந்தியர் 11:5 படிச்சீங்களா? ஸ்திரீ ஜெபம் பண்ணும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் தலைய மூடிக்கணும்னு அதே பவுல்தான் எழுதறார். தலையத்தான் மூடச் சொன்னார். ரோமர் 16 எடுங்க, பெபேயாள்ங்கற பெண்ண கெங்கிரேயா ஊர் சபைக்கு "ஊழியக்காரி"ன்னே சொல்றார், நம்ம தமிழ் வேதாகமத்துலயே அந்த வார்த்தைதான் இருக்கு. ரோமருக்கு எழுதின அந்தக் கடிதத்தையே அவங்க கையிலதான் குடுத்தனுப்பியிருப்பார்னு நெறைய வேத அறிஞர்கள் சொல்றாங்க. அடுத்தாப்லயே பிரிஸ்கில்லாள், புருஷன் பேருக்கு முன்னாடி அவங்க பேரு. வேதத்துல வல்லவரான அப்பொல்லோவ அந்த ரெண்டு பேரும்தான் கூட்டிட்டுப் போய் இன்னும் திட்டமா விளக்கினாங்க. அவர் சிரிச்சதா எங்கயும் எழுதல.

"இயேசுவோட அப்போஸ்தலர்கள் பன்னிரண்டு பேரும் ஆம்பளைங்கதானே?" நியாயமான கேள்வி, இதுக்கு எங்கிட்ட நறுக்குன்னு பதில் இல்ல. ஆனா யோவன்னாள்னு ஒருத்தங்க, ஏரோதோட காரியக்காரன் கூசாவின் மனைவி, தன் சொத்த செலவு பண்ணி இயேசுவுக்கு ஊழியம் செஞ்சாங்கன்னு லூக்கா 8ல இருக்கு. காசு ஏத்துக்கப்பட்டுச்சு. அதே யோவன்னாள் கல்லறையிலிருந்து ஓடி வந்து அவர் உயிர்த்தெழுந்துட்டார்னு சொன்னப்போ அப்போஸ்தலர்களுக்கு அது "வீண்பேச்சு". லூக்கா 24:11, நான் சொல்லல. அதுவும் ஒரு ஞாயித்துக்கிழமைதான்.

"இது பெண்ணியம்"னு சொல்றவங்களுக்கு, சரி, அப்படியே வச்சுக்கோங்க.

எங்கம்மா முப்பது வருஷம் சண்டே ஸ்கூல் நடத்தினாங்க. அவங்க வருகைப் பதிவு நோட்டு இன்னும் எங்கிட்ட இருக்கு, அட்டை பிஞ்சு போச்சு. ஓரத்துல பென்சில்ல பொடிப்பொடியா எழுதியிருப்பாங்க, "ரெண்டு வாரமா காணோம், வீட்டுல போய் பாக்கணும்", "அப்பாவுக்கு வேலை போச்சு, ஜெபிக்கணும்", "சங்கீதம் 23 பாதிதான் வருது, திரும்ப சொல்லிக்குடு". அடக்க ஆராதனையில அவங்களப் பத்தி பேசினது மூணு நிமிஷம். "அமைதியான மனைவி, அன்பான தாய்." அமைதியா? எங்கம்மாவா? அவங்க குரல் மூணாவது வீட்டுக்கு கேக்கும். ஊழியம்ங்கற வார்த்தை ஒரு தடவ கூட வரல. பேசினவர் பேரும் அந்த நோட்டுல இருக்கு, பாதி சங்கீதம் அவரோடதுதான்.

மேல போதகர் பதவி கேக்கலன்னு எழுதியிருக்கேன்ல. இப்ப திரும்ப வாசிச்சா, ஏன் கேக்கலன்னு எனக்கே புரியல. இருக்கட்டும், எடிட் பண்ணல.