குழுப்பாடல் காட்சிப்பொருள் அல்ல

ஆராதனையில் பாடகர் குழு தனித்துப் பாடும் ‘ஆந்தம்’, சபையாரை வெறும் கேட்பவர்களாக ஆக்கிவிடுகிறது என்று நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர் வருந்துகிறார். வேலூர்ப் பாடகர் குழுவில் பல ஆண்டுகளாக டெனர் (ஆண்களின் உயர்ந்த) குரலில் பாடிவருபவன் என்ற முறையில், இதில் பாதியை மட்டுமே ஏற்கிறேன். இங்கு 1853-இல் அமெரிக்க மிஷனரிகள் தொடங்கிய ஆற்காடு மிஷன், சபை முழுவதும் சேர்ந்து பாடும் சீர்திருத்தத் திருச்சபை மரபைச் சேர்ந்தது. ஆந்தமோ 1662-ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) ஜெபப் புத்தகத்திலேயே இடம்பெற்றது. 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் இரு மரபுகளும் இணைந்தன என்பதால், ஒன்றை வேண்டாத விருந்தாளியாக நடத்துவது முறையன்று.

உண்மையான சிக்கல் மொழிபெயர்ப்பில் இருக்கிறது. ஆங்கிலச் சொல்லழுத்தத்துக்கு அமைந்த மெட்டில் தமிழ்ச் சொற்களைத் திணிக்கும்போது, நீண்ட சுரத்தில் குறில் வந்து விழுந்தால் அது நெடிலாகிவிடுகிறது. ‘வரம்’ தாரும் என்று நாங்கள் உருகிப் பாட, முன்வரிசையில் இருப்பவர்களுக்கு ‘வாரம்’ என்று கேட்கிறது. (பேஸ் என்னும் தாழ்ந்த குரல்காரர்கள் சிரிப்பை அடக்கியதை நான் கண்டிருக்கிறேன்.) சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்னும் நான்கு குரல்களும் வெவ்வேறு நேரத்தில் நுழையும் இடங்களில் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்புவதால், தெளிவு மேலும் குறைகிறது. கீர்த்தனையில் இத்தொல்லை குறைவு, ஏனெனில் அங்கே மெட்டும் சொல்லும் ஒரே மொழியின் தாளத்தில் பிறக்கின்றன. ஆகவே குழுவைக் கலைப்பதைவிட, தமிழிலேயே நான்கு குரல்களுக்கு எழுதக்கூடிய இளைஞர்களை நம் சபைகள் ஊக்குவிக்கலாம். அதுவரை, பாடல் வரிகளை அச்சிட்டு சபையார் கையில் கொடுத்தாலே பாதிக் குறை தீரும்.