ஞாயிற்றுக்கிழமை உடைந்த ஊசி

பல வருடங்களுக்கு முன், நான் ஆடிட்டராக இருந்த காலம். வரவு செலவு பார்க்கிற ஆடிட்டர் இல்லை, கம்பெனி தொழிலாளர்களை விதிப்படி நடத்துகிறதா என்று போய்ச் சோதிக்கிற ஆடிட்டர். திருப்பூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. வருகைப் பதிவு, சம்பளப் பட்டியல், பி.எஃப். சலான், ஈ.எஸ்.ஐ. ரசீது எல்லாம் மேசையில் அடுக்கி வைத்திருந்தார்கள். ஞாயிறு விடுமுறை, ஓவர்டைம் அளவோடு, ஒரு குறையும் இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்கிக்கொண்டு வந்தபோது, தூக்கம் கலையட்டுமே என்று ஊசிப் பதிவேட்டைப் புரட்டினேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: தையல் கம்பெனிகளில் ஊசி உடைந்தால், துண்டுகளைத் தேடி எடுத்து நோட்டில் ஒட்டி, தேதி, நேரம், மெஷின் நம்பர் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் புது ஊசி கிடைக்கும். குழந்தைச் சட்டைக்குள் ஊசி முனை போய்விடக் கூடாது என்று சரக்கு வாங்கும் பையர்கள் போட்ட விதி. அந்த நோட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பதே காலுக்கு ஓர் ஊசி உடைந்திருந்தது. அடுத்த ஞாயிறு நான்கு ஊசிகள்.

வருகைப் பதிவின்படி அந்த இரண்டு நாளும் கம்பெனி பூட்டிக் கிடந்தது.

இந்த நோட்டைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. நான் போன ஐந்து நாள் ஆடிட்டர் வகுப்பில் ஷரத்து ஷரத்தாக ஸ்லைடு போட்டார்கள், கற்பனைக் கம்பெனி ஒன்றை வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள், கடைசி நாள் பரீட்சை, குரூப் போட்டோ. நல்ல ஹோட்டல், நல்ல சாப்பாடு. பாஸ் ஆனேன். ஆனால் பொய்க் கணக்கு எப்படி இருக்கும், அதை எங்கே உரசிப் பார்க்க வேண்டும் என்று அந்த ஐந்து நாளில் ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை.

இப்போது இதை எழுதக் காரணம், போன வாரம் வந்த ஒரு மெயில். ஆடிட்டர்கள், கம்பெனிகளை ஆடிட்டுக்குத் தயார் செய்யும் கன்சல்டன்டுகள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பயிற்சித் திட்டம் வடிவமைத்துத் தர வேண்டுமாம். "இரண்டு நாளில் முடித்தால் நல்லது, சர்டிபிகேட் கட்டாயம்" என்று எழுதியிருந்தார்கள். எவ்வளவு நாள், எத்தனை ஸ்லைடு, யார் கையெழுத்து என்பதெல்லாம் இருந்தது. வகுப்பு முடிந்து போகிறவருக்கு என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று மட்டும் ஒரு வரி இல்லை. இந்தத் துறையில் பயிற்சி என்பது இப்படித்தான் ஆகிவிட்டது என்று எனக்கு எரிச்சல்.

எரிச்சலுக்குக் காரணம் இருக்கிறது. 2012 செப்டம்பர் 11 அன்று கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் என்ற ஆயத்த ஆடை ஆலை எரிந்தது. 250 பேருக்கு மேல் செத்தார்கள். தீ வைத்தது யார் என்பது தனிக் கதை, 2020-இல் அங்குள்ள நீதிமன்றம் அதில் தீர்ப்புச் சொன்னது. ஆனால் உள்ளே இருந்தவர்கள் ஏன் வெளியே வர முடியவில்லை என்பது எங்கள் தொழிலைப் பார்த்துக் கேட்கும் கேள்வி. ஜன்னல்களில் இரும்புக் கம்பி, வெளியேறும் வழிகள் பூட்டு. அந்த ஆலைக்கு எஸ்.ஏ. 8000 சான்றிதழ் கிடைத்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. தொழிலாளர் நலனுக்கென்றே உள்ள சான்றிதழ் அது. ஆடிட்டர் கையில் செக்லிஸ்ட் இருந்திருக்கும். அவசர வழி உண்டா என்ற கேள்விக்கு உண்டு என்று டிக் விழுந்திருக்கும். அந்தக் கதவை யாராவது கையால் தள்ளிப் பார்த்தார்களா என்பதுதான் என் கேள்வி.

அடுத்த வருடம் ஏப்ரல் 24, டாக்கா பக்கத்தில் ராணா பிளாசா என்ற கட்டடம் இடிந்து விழுந்தது. 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். அந்தக் கட்டடத்தில் இருந்த கம்பெனிகளிலும் ஆடிட் நடந்திருந்தது. கட்டடத்தின் உறுதி எங்கள் வேலை எல்லைக்குள் வராது என்று பிறகு சொன்னார்கள். காகிதப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் முதல் நாளே சுவரில் விரிசல் கண்டு கீழ்த்தளத்து வங்கிக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள், தையல்காரர்கள் மட்டும் மறுநாள் மேலே அனுப்பப்பட்டார்கள். என் எல்லைக்குள் வராத ஒன்று கண்ணில் பட்டால் என்ன செய்வது, யாரிடம் சொல்வது? எந்த வகுப்பிலாவது இதை நடத்துகிறார்களா? நான் பார்த்ததில்லை.

சரி, நான் எடுக்கும் வகுப்பில் என்ன செய்கிறேன் என்று கேட்பீர்கள். முதல் நாள் ஸ்லைடு கிடையாது. ஆளுக்கு ஒரு பெட்டி. அதில் ஒரு கம்பெனியின் மூன்று மாதக் காகிதங்கள், பெயர்கள் மாற்றியவை. வருகைப் பதிவு, உற்பத்திக் கணக்கு, வாட்ச்மேன் கேட் நோட்டு, முதலுதவிப் பெட்டி நோட்டு, டீக்கடைப் பற்று, வேன் டிரிப் ஷீட். எங்கே முரண்படுகிறது, கண்டுபிடியுங்கள் என்று விட்டுவிடுவேன். பாதிப் பேர் மாலை வரை சம்பளப் பட்டியலையே கூட்டிக்கொண்டிருப்பார்கள். இரவு பதினொன்றுக்குப் பெண்களை ஹாஸ்டலுக்குக் கொண்டுபோய் விட்ட வேன் சீட்டைக் கையில் எடுப்பவர் பத்தில் ஒருவர்தான். மறுநாள் அவரைவிட்டே மற்றவர்களுக்கு விளக்கச் சொல்வேன். நான் சொன்னால் அது பாடம், அவர் சொன்னால் ரோஷம்.

பேட்டி எடுப்பது அதைவிடக் கஷ்டம். நான் ஆடிட் செய்த காலத்தில் ஸ்மெட்டா என்ற ஆடிட் முறையில் 101 முதல் 500 பேர் உள்ள கம்பெனிக்கு இரண்டு ஆடிட்டர் நாள், 26 பேரிடம் பேட்டி. மற்ற வேலைகள் போகக் கணக்குப் போட்டால் ஒருவருக்குப் பத்துப் பதினைந்து நிமிடம். ஏசி ரூமுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்து, பேனாவைத் திறந்துகொண்டு, "இங்கே ஏதாவது தொந்தரவு இருக்கிறதாம்மா?" என்று கேட்டால் யார் வாய் திறப்பார்? "எல்லாம் நல்லாத்தான் இருக்குங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போவார்கள். டெய்லருக்கு உதவியாகக் கைமடி வேலை பார்க்கும் பெண்ணிடம் முதலில் எந்த ஊர், எந்த வண்டியில் வருகிறாய், நேற்று எத்தனை மணிக்குச் சாப்பிட்டாய் என்று கேட்க வேண்டும். சாப்பாட்டு நேரம் தெரிந்தால் வேலை நேரம் தெரிந்துவிடும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் என்றால் இன்னும் சிக்கல். மொழிபெயர்க்க மேனேஜர் தன் ஆளையே அனுப்புவார். அந்த ஆள் பக்கத்தில் இருக்கும்வரை அது பேட்டியே இல்லை.

இதைப் பழக்க வகுப்பில் ஆடிட்டர்களையே தொழிலாளியாக நடிக்க வைப்பது வழக்கம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எம்.பி.ஏ. படித்த பையன் டெய்லராக நடித்தால் கேட்ட கேள்விக்கு மேல் பத்து வரி பதில் சொல்வான். உண்மையான டெய்லர் தலையை மட்டும் ஆட்டுவார். அதனால் நான் வேலையை விட்ட டெய்லர் அக்காக்கள் நான்கு பேரை ஒரு நாள் கூலி கொடுத்துக் கூட்டிக்கொண்டு வருகிறேன். பேட்டி முடிந்ததும் "இந்தத் தம்பி கேட்டதுக்கு நான் ஏன் பதில் சொல்லலைன்னா" என்று அவர்கள் ஆரம்பிப்பார்கள் பாருங்கள், அதற்கு ஈடாக என்னிடம் ஒன்றும் இல்லை. ஆலைகளில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்க 2022-இல் வந்த திண்டுக்கல் ஒப்பந்தத்தில் தொழிலாளிப் பெண்களையே கண்காணிப்பாளர்களாக்கிப் பயிற்சி கொடுத்தார்கள். இரண்டு நாள் வந்து போகிற ஆடிட்டர் கண்ணில் படாதது, அங்கேயே வருடம் முழுக்க நிற்கிறவருக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஒருவர் ஆடிட்டர் வகுப்பில் வாத்தியாராக நின்றால் என்ன?

இனி, நான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். அந்த ஊசிக் கதையை ஒரு காலத்தில் எல்லா வகுப்பிலும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கைதட்டுவார்கள். அந்த வகுப்புகளில் கன்சல்டன்டுகளும் இருந்தார்கள். ஒன்றிரண்டு வருடத்தில் நான் போன கம்பெனிகளில் ஊசி நோட்டு பளிச்சென்று ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஒரு ஊசிகூட உடைவதில்லை. சில இடங்களில் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் ஆறு மாத நோட்டு. திருட்டைக் கண்டுபிடிக்கச் சொல்லித் தருகிறேன் என்று நினைத்துக்கொண்டு, மறைக்கச் சொல்லித் தந்திருக்கிறேன்.

சான்றிதழ் தரும் அமைப்புகளுக்கான ஐ.எஸ்.ஓ. 17021 விதியில், ஒரு கம்பெனிக்கு ஆலோசனை சொன்னவர் இரண்டு வருடத்துக்குள் அதே கம்பெனிக்கு ஆடிட்டராகப் போகக் கூடாது என்று இருக்கிறது. வேலையில் இவ்வளவு பெரிய சுவர் வைத்துவிட்டு, பயிற்சியில் மட்டும் இருவரையும் ஒரே ஹாலில் உட்கார வைத்து ஒரே சாம்பார் ஊற்றுகிறோம்.

கன்சல்டன்ட் என்றாலே எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு ஃபைல் ரெடி பண்ணித் தருகிறவர் என்றுதான் அர்த்தம். அவர்களை மட்டும் குறை சொல்லவும் மனசு வரவில்லை, அவர்களுக்கு வேறு எதையும் யாரும் சொல்லித் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலை ஏன் வருகிறது? சாயப்பட்டறையிலிருந்து துணி பத்து நாள் தள்ளி வருகிறது, கப்பல் தேதி தள்ளாது. இடையில் நசுங்குவது மெஷினில் தைக்கிற பவர்டேபிள்காரர்தான். கன்சல்டன்டுக்கான வகுப்பு அங்கே தொடங்க வேண்டும், உற்பத்தித் திட்டம் போடும் மேசையில். துணி தாமதமானால் எந்த நாளில் பையரிடம் தேதி கேட்க வேண்டும், இரட்டைச் சம்பளம் கொடுத்து ஓவர்டைம் ஓட்டுவதற்கும் விமானத்தில் சரக்கு அனுப்புவதற்கும் செலவு எவ்வளவு வித்தியாசம் என்று முதலாளிக்குக் கணக்குப் போட்டுக் காட்டத் தெரிய வேண்டும். அது தெரிந்தவருக்குப் பொய் நோட்டு எழுதும் தேவை பாதியாகக் குறையும். முழுக்கப் போய்விடும் என்று சொல்ல மாட்டேன், இந்த ஊரில் அத்தனை வருடம் இருந்துவிட்டேன்.

நேற்றுப் பதில் அனுப்பினேன். இரண்டு தனி பேட்ச். ஆடிட்டர்களுக்கு மூன்று நாள் வகுப்பு, பிறகு ஆறு மாதத்துக்குள் ஆளுக்கு இரண்டு ஆடிட், நான் பின்னால் உட்கார்ந்து பார்ப்பேன், சர்டிபிகேட் அதற்கப்புறம்தான். கன்சல்டன்டுகளுக்கு ஒரு வாரம் கம்பெனியில், திட்டமிடல் பிரிவில். கூடவே செலவுப் பட்டியல். இன்று காலை அது திரும்பி வந்துவிட்டது. ஹோட்டல் வாடகை, சாப்பாடு, என் கட்டணம் எதிலும் கை வைக்கவில்லை. "டெய்லர் நான்கு பேர், ஒரு நாள் கூலி" என்ற வரியை மட்டும் வட்டம் போட்டு, பக்கத்தில் "இது எதற்கு?" என்று கேட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை போனில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறேன்.