முகம் மறைந்திருப்பதற்காகப் பூட்டைத் தளர்த்தாதீர்கள்

கறுப்புக் கண்ணாடி அணிந்தால் திறன்பேசி முகத்தை அறியவில்லை, முகக்கவசம் அணிந்தாலும் அறியவில்லை, எந்த அமைப்பை அணைத்தால் உடனே திறக்கும் என்று பலர் கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சிங்கப்பூரின் தேக்காவில் நான் சந்திக்கும் வெளிநாட்டு ஊழியர்களும் கேட்கிறார்கள், மருத்துவமனையில் தாதியராகப் பணிபுரியும் உறவினர்களும் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால், இணையத்தில் அதற்குக் கிடைக்கும் பதில்களில் பெரும்பாலானவை எதையாவது அணைக்கச் சொல்கின்றன. அணைத்தபின் எதை இழக்கிறோம் என்பதைச் சொல்வதில்லை. அதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

ஆப்பிள் நிறுவனம் 2017இல் ஐஃபோன் எக்ஸ் கைபேசியுடன் அறிமுகப்படுத்திய, முகத்தை அறிந்து பூட்டைத் திறக்கும் ஃபேஸ் ஐடி, நாம் நினைப்பதுபோல் முகத்தை ஒரு புகைப்படமாகப் பார்ப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியால் 30,000க்கும் மேற்பட்ட புள்ளிகளை முகத்தின்மீது வீசி, மூக்கின் எழுச்சி, கண்குழியின் ஆழம், தாடையின் வளைவு ஆகியவற்றை அளந்து, அந்த அளவுகளைக் கைபேசிக்குள்ளேயே பாதுகாக்கப்பட்ட ஒரு பகுதியில் ஒப்பிடுகிறது. இருட்டறையிலும் அது வேலை செய்வதற்கும், பல கறுப்புக் கண்ணாடிகளின் ஊடாகவும் நம்மை அறிந்துகொள்வதற்கும் இதுவே காரணம். நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் கண்ணாடிகளில் பல, அகச்சிவப்பு ஒளியைத் தடையின்றி உள்ளே விடுகின்றன. சில கண்ணாடிகளின் பூச்சு மட்டும் அந்த ஒளியையும் தடுத்துவிடுகிறது. அப்போது கண்கள் திறந்திருக்கின்றனவா, திரையைப் பார்க்கின்றனவா என்பதைக் கைபேசியால் உறுதிசெய்ய முடியாமல் போகிறது. அதனால் திறக்க மறுக்கிறது. இரண்டு பேர் ஒரே மாதிரியான கைபேசியை வைத்திருந்தும் ஒருவருக்குக் கண்ணாடியோடு திறப்பதும் மற்றவருக்குத் திறக்காமல் போவதும் இதனால்தான்.

இங்கேதான் அந்தப் புகழ்பெற்ற அறிவுரை வருகிறது: அமைப்புகளுக்குள் சென்று, ‘ரிக்வயர் அட்டென்ஷன் ஃபார் ஃபேஸ் ஐடி’ என்ற கவனச் சோதனையை அணைத்துவிடுங்கள், கண்ணாடியோடு திறக்கும் என்கிறார்கள். உண்மைதான், பெரும்பாலும் திறக்கும். ஆனால், உரிமையாளர் விழித்திருந்து திரையைப் பார்த்தால்தான் திறக்க வேண்டும் என்ற காவலையே அந்த ஓர் அசைவில் விலக்கிவிடுகிறோம். உறங்குகிறவரின் முகத்துக்கு நேரே கைபேசியைப் பிடித்தாலும் அது திறந்துகொள்ளும். தனி அறையில் தனியாக உறங்குகிறவருக்கு இது பெரிய ஆபத்தாகத் தோன்றாமல் இருக்கலாம். தங்குவிடுதியில் பலரோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டு, ஊருக்கு அனுப்ப வேண்டிய மாதச் சம்பளத்தைக் கைபேசியிலுள்ள வங்கிச் செயலியில் வைத்திருக்கும் ஓர் ஊழியருக்கு இதன் பொருள் முற்றிலும் வேறு. அவருக்கு இந்த அறிவுரையை விளைவைச் சொல்லாமல் கொடுப்பதை நான் பொறுப்பின்மையாகவே கருதுகிறேன். கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்துவதற்கு ஒரு நொடிதான் ஆகும்.

முகக்கவசத்தின் கதை வேறு. கண்ணாடியைப் போல அதை எல்லா இடத்திலும் கழற்ற முடியாது. சிங்கப்பூரில் 2020 ஏப்ரல் 14 முதல் வீட்டுக்கு வெளியே முகக்கவசம் கட்டாயமானது. அதன்பின் கடைக்குக் கடை, அங்காடிக்கு அங்காடி, வருகையைப் பதிவுசெய்யும் சேஃப்என்ட்ரி குறியீட்டைக் கைபேசியால் வருட வேண்டியிருந்தது. ஒவ்வொரு வாசலிலும் கைபேசியைத் திறக்க வேண்டும், ஆனால் முகம் மூடியிருக்கிறது. வரிசையில் பின்னால் நிற்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஆறு இலக்கக் கடவு எண்ணை எல்லாரும் தட்டினோம். எண்ணைத் தட்டுவது சலித்துப்போனவர்கள் ஆறு இலக்கத்தை நான்காகக் குறைத்ததையும், ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டதையும் நான் பார்த்திருக்கிறேன். பெருந்தொற்று முடிந்த பின்னும் அந்த எண்களைப் பலர் மாற்றவே இல்லை என்பதுதான் எனக்குக் கவலை தருகிறது.

முகக்கவசத்தோடு ஒருவரை அறிவது எவ்வளவு கடினம் என்பதை அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்பக் கழகம் 2020 ஜூலையில் வெளியிட்ட ஆய்வு காட்டியது. முகக்கவசம் இல்லாதபோது ஏறத்தாழ 0.3 விழுக்காடு மட்டுமே தவறிய மிகச் சிறந்த நிரல்கள்கூட, முகக்கவசம் வரையப்பட்ட படங்களில் ஏறத்தாழ 5 விழுக்காடு தவறின. மற்றவை அதைவிட மிக மோசமாகத் தவறின. அது பெரிய படத்தொகுப்புகளை வைத்து நடந்த சோதனை, கைபேசிச் சோதனை அன்று. ஆயினும் மூக்கும் வாயும் மறைந்தால் ஒப்பிடுவதற்கு எவ்வளவு குறைவாக மிஞ்சுகிறது என்பது அதிலிருந்து விளங்குகிறது.

ஆப்பிள் இதற்குப் படிப்படியாகத்தான் தீர்வு கண்டது. 2020 மே மாதத்து மேம்பாடு, முகக்கவசத்தைக் கண்டதும் தாமதிக்காமல் கடவு எண் திரையைக் காட்டியது. 2021 ஏப்ரலில் வந்தது, கையில் அதே நிறுவனத்தின் கைக்கடிகாரம் கட்டியிருப்பவர்களுக்கு மட்டும் உதவியது. கண்களைச் சுற்றிய பகுதியை மட்டும் வைத்து முகக்கவசத்தோடு திறக்கும் வசதி, 2022 மார்ச்சில் ஐஃபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 15.4 உடன் வந்தது. அதே மாதம் 29ஆம் தேதி, சிங்கப்பூரில் வெளிப்புறங்களில் முகக்கவசம் கட்டாயமில்லை என்றானது. அந்த வசதியும் ஐஃபோன் 12, அதற்குப் பிந்தைய கைபேசிகளுக்கு மட்டுமே. முகக்கவசமும் கறுப்புக் கண்ணாடியும் சேர்ந்திருந்தால் அது உதவாது. முகத்தில் வேறு எதுவும் மிஞ்சாதபோது அப்படி மறுப்பதே சரி. மூக்குக்கண்ணாடி அணிகிறவர்கள் தங்கள் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகப் பதிவுசெய்துகொள்ளலாம் என்பது பலருக்குத் தெரியாத நல்ல செய்தி.

ஆண்ட்ராய்டு கைபேசிகளில் நிலைமை ஒரே சீராக இல்லை. பலவற்றில் முன்பக்கப் படக்கருவி எடுக்கும் சாதாரணப் படம் மட்டுமே ஒப்பிடப்படுகிறது. முகத்தால் திறப்பது, எண்ணையோ விரல்ரேகையையோவிடப் பாதுகாப்புக் குறைந்தது என்று சாம்சுங் நிறுவனமே தன் கைபேசிகளில் எச்சரிக்கிறது. 2019இல் வந்த கூகல் பிக்சல் 4, அகச்சிவப்புக் கருவிகள் இருந்தும், கண்களை மூடியிருந்தவருக்கும் திறந்தது. அடுத்த ஆண்டுதான் அது திருத்தப்பட்டது. ஆகவே ஒரு கைபேசி முகக்கவசத்தோடு மிக எளிதாகத் திறக்கிறது என்றால், அதைப் பாராட்டுவதற்கு முன் அது வேறு யாருக்கெல்லாம் திறக்கும் என்று கேட்டுப்பாருங்கள்.

என் கருத்து இதுதான். வேலையின் காரணமாக முகத்தை மூடியிருக்க வேண்டியவர்களுக்கு, இன்னொரு வலுவான வழியைக் கைபேசி தந்தாக வேண்டும். அந்த வழி விரல்ரேகை. ஆப்பிள் 2020இல் ஐபேட் ஏர் கைக்கணினியின் மேற்பொத்தானிலேயே விரல்ரேகை உணரியைப் பொருத்திக் காட்டியது. பொத்தான் அளவு இடத்தில் அது அடங்கும் என்று தெரிந்த பிறகும், பெருந்தொற்றுக் காலம் முழுவதையும் கண்ட பிறகும், ஐஃபோனில் இரண்டு வழிகளையும் சேர்த்துத் தராதது எனக்குப் புரியவில்லை. முகப்புப் பொத்தானில் விரல்ரேகை உணரி கொண்ட கடைசி ஐஃபோனும் 2025இல் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது.

விரல்ரேகையும் குறையற்றதன்று. சிமெண்டும் உப்புத்தாளும் பட்டுப்பட்டு ரேகை தேய்ந்த கைகளை நான் பார்த்திருக்கிறேன். உணரியில் எத்தனை முறை வைத்தாலும் அவை ஏற்கப்படுவதில்லை. கையுறை அணிந்த தாதியருக்கும் அது உதவாது. அதனால்தான் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைக்காமல், இரண்டையும் வைக்க வேண்டும் என்கிறேன். கட்டுமானத் தளத்தில் தூசிக் கவசமும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்த ஒருவர், கையையாவது துடைத்துவிட்டுத் திறக்க முடியட்டும்.

இது வசதியைப் பற்றிய பேச்சு மட்டும் அன்று. இந்நாட்டில் அரசாங்கச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ், வங்கிக் கணக்கில் நுழைபவரை உறுதிசெய்யும் மின்னிலக்க வில்லை (டிஜிட்டல் டோக்கன்), பணம் அனுப்பும் பேநவ், வேலை அனுமதி விவரம் எல்லாம் ஒரே கைபேசிக்குள் இருக்கின்றன. மின்னிலக்க வில்லையைப் பயன்படுத்துவோருக்கு, வங்கிக் கணக்கில் நுழைவதற்கான குறுஞ்செய்திக் கடவு எண்ணைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக 2024 ஜூலையில் அறிவிக்கப்பட்டபோது, கைபேசியின் பூட்டு இன்னும் முக்கியமானது. சிங்பாஸின் முகச் சரிபார்ப்பு, அரசாங்கத்திடம் உள்ள படத்தோடு நம் முகத்தை ஒப்பிடுவது. அங்கே முகக்கவசத்தையும் கண்ணாடியையும் கழற்றச் சொல்வது முறைதான், அதில் தளர்வு கேட்கக் கூடாது. அன்றாடம் பலமுறை திறக்க வேண்டிய கைபேசியைப் பற்றித்தான் என் முறையீடு.

அதுவரை சில வேண்டுகோள்கள். கண்ணாடிக்காகக் கவனச் சோதனையை அணைக்காதீர்கள். முகக்கவசத்தைப் பாதி மடித்து முகத்தைப் பதிவுசெய்யும் 2020ஆம் ஆண்டு உத்தியை இன்னும் வைத்திருப்பவர்கள் அந்தப் பதிவை அழித்துவிட்டுப் புதிதாகப் பதிவுசெய்யுங்கள். கடவு எண்ணைத் தட்டியாக வேண்டிய வேலையில் இருப்பவர்கள் அதை நீளமாக வையுங்கள். இரயிலில் தட்டும்போது திரையை மறைத்துக்கொள்ளுங்கள். ஐஃபோன் வைத்திருப்பவர்கள், 2024 ஜனவரியில் வந்த திருட்டுப் பாதுகாப்பு அமைப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். கடவு எண்ணைத் தெரிந்துகொண்ட திருடர், வெளியிடத்தில் வைத்து ஆப்பிள் கணக்கின் மறைச்சொல்லை உடனடியாக மாற்ற முடியாதபடி அது தடுக்கிறது.

சிராங்கூன் சாலைப் பகுதியில் ஊழியர்களுக்குக் கைபேசி விற்கும் கடைக்காரர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வாங்க வருபவர் வேலையிடத்தில் முகக்கவசம் அணிகிறாரா என்று கேளுங்கள். அணிகிறார் என்றால், விரல்ரேகை உணரி உள்ள கைபேசியை அவர் கையில் கொடுத்து, அவருடைய விரலை அது ஏற்கிறதா என்று கடையிலேயே பார்க்கச் சொல்லுங்கள், பணத்தை அதற்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.