டிக்கெட்டைத் திறந்து பாருங்கள், அப்புறம் என்னைக் கேளுங்கள்

"எனி அப்டேட்?" என்று இனி யார் அனுப்பினாலும் பதிலுக்கு டிக்கெட் லிங்க் மட்டும்தான் போகும். வணக்கம் கிடையாது, விளக்கம் கிடையாது. டிக்கெட் என்பது ஒவ்வொரு வேலைக்கும் ஆன்லைனில் திறக்கிற பக்கம், அதன் நிலவரத்தை அங்கேதான் எழுதுவோம். அப்டேட் அந்த டிக்கெட்டில்தான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை சாயங்காலத்திலிருந்து அங்கேயேதான் இருக்கிறது. இன்று காலைவரை யாரும் படிக்கவில்லை.

பணம் கட்டுகிறவர்களுக்கு பிடிஎஃப்பில் ஒரு ரசீது போக வேண்டும். அதில் தமிழ்ப் பெயர்கள் உடைந்து வருகின்றன. "செல்வி" என்ற பெயரில் ஒற்றைக்கொம்பு ச-வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. தமிழில் ரசீது, பில், சான்றிதழ் அச்சடிக்க முயன்ற எல்லோருக்கும் இது பழகிய தொல்லை. யூனிகோடில் ச முதலில், கொம்பு அதற்குப் பிறகு என்றுதான் சேமிக்கப்படும். காட்டும்போது கொம்பை முன்னால் நகர்த்துவது எழுத்துருவும் அதைப் படிக்கும் மென்பொருளும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. நாங்கள் பயன்படுத்திய பிடிஎஃப் லைப்ரரி (பிடிஎஃப் உருவாக்கித் தரும் ஆயத்த நிரல்) அதைச் செய்யாது, வந்த வரிசையில் அப்படியே அடித்துவிடும். காரணத்தைக் கண்டுபிடித்து, லைப்ரரியை மாற்றி, டெஸ்ட் செய்தும் பார்த்தாயிற்று. பாக்கி ஒன்றே ஒன்றுதான். இரண்டு எழுத்துருக்களில் எது வேண்டும் என்று க்ளையண்ட் சொல்ல வேண்டும்.

இவ்வளவையும் டிக்கெட்டில் எழுதினேன். என்ன பிரச்சினை, ஏன் வந்தது, என்ன செய்தேன், மாற்றுவதற்கு முன் எப்படி இருந்தது, பின் எப்படி இருக்கிறது என்று படங்களோடு எழுதினேன். கடைசி வரியில், யாருடைய பதிலுக்காக நிற்கிறது என்பதைத் தடித்த எழுத்தில் போட்டேன். ஸ்டேட்டஸை "க்ளையண்ட் பதிலுக்குக் காத்திருக்கிறது" என்று மாற்றினேன். மேனேஜர், டீமை நடத்துகிற லீட், க்ளையண்ட் பக்கத்து ஆள் என்று மூன்று பேரையும் டேக் செய்தேன். இதற்கு மேல் ஒரு டிக்கெட்டில் எழுத என்ன இருக்கிறது, சொல்லுங்கள்?

புதன்கிழமை காலை 9.10. சாட்டில் மேனேஜர்: "எனி அப்டேட் ஆன் ரசீது?" லிங்க்கை அனுப்பினேன். கட்டைவிரல் வந்தது. சரி, படித்துவிட்டார் என்று நினைத்தேன். 9.30 ஸ்டாண்டப் கால், அதாவது டீமின் தினசரிச் சிறு கூட்டம். அதே மேனேஜர், அதே கேள்வி: "அந்த ரசீது டிக்கெட் என்னாச்சு?" இருபது நிமிடத்துக்கு முன்னால் கட்டைவிரல் போட்ட மனிதர்! வாயால் மறுபடி சொன்னேன். கொம்பு, லைப்ரரி, எழுத்துரு, க்ளையண்ட். "ஓகே ஓகே, ஃபாலோ அப் பண்ணுங்க" என்றார்.

பதினொரு மணிக்கு மெயில். "டிராக்கரில் உங்கள் வரிசை காலியாக இருக்கிறது, மதியத்துக்குள் நிரப்பவும்." டிராக்கர் என்பது ஓர் எக்ஸல் ஷீட். அதில் என்னென்ன இருக்கிறது தெரியுமா? டிக்கெட் எண், தலைப்பு, யார் பார்க்கிறார், ஸ்டேட்டஸ், எப்போது முடியும், குறிப்பு. இந்த ஆறில் எது டிக்கெட்டில் இல்லை? டிக்கெட்டுகள் இருக்கிற மென்பொருளான ஜிராவில் ஒரு ஃபில்டர் போட்டு வைத்தால் அந்தப் பட்டியல் தினமும் குறித்த நேரத்துக்கு மெயிலில் தானாகவே வந்து சேரும். வேண்டுமென்றால் எக்ஸலாகவும் இறக்கிக்கொள்ளலாம். ஒருமுறை உட்கார்ந்து அதை அமைக்க ஐந்து நிமிடம் ஆகுமா? அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்க மொத்த டீமும் தினமும் கையால் நகல் எடுத்துக்கொண்டிருக்கிறது.

இனி வருவதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. மதியம் மூன்று மணிக்கு டிக்கெட்டிலேயே ஒரு கமெண்ட் வந்தது. நான் எழுதிய நீண்ட கமெண்ட்டுக்கு நேர் கீழே, என் கடைசி வரிக்கும் அதற்கும் நடுவில் ஒரு விரல் அகலம்கூட இல்லாத இடத்தில், "ப்ளீஸ் அப்டேட் த ஸ்டேட்டஸ் ஹியர்." எழுதியவர் லீட். அந்தப் பெட்டியில் தட்டச்சு செய்ய வேண்டுமானால் என் கமெண்ட்டைக் கடந்துதானே வந்திருக்க வேண்டும்? தடித்த எழுத்தில் இருந்த வரி கண்ணில் படாமலா போயிருக்கும்? பக்கத்தின் மேலே ஸ்டேட்டஸ் தனி நிறத்தில் நின்றுகொண்டிருந்தது. அதற்கு மேல் நான் எங்கே எழுதுவது? அவருடைய மேசையில் போய் ஒட்டவா?

ராத்திரி எட்டு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் மறுபடியும் அதே கேள்வி. அலுவலக சாட் இருக்கிறது, மெயில் இருக்கிறது, டிக்கெட் இருக்கிறது, டிராக்கர் இருக்கிறது, இத்தனைக்கும் பிறகு வாட்ஸ்அப்!

இன்று காலை முக்கால் மணி நேர மீட்டிங். "ரசீது டிக்கெட் ஏன் நகரவில்லை" என்பதுதான் தலைப்பு. ஒன்பது பேர். லீட் தன் திரையைப் பகிர்ந்து டிக்கெட்டைத் திறந்தார். என் கமெண்ட் முழுதாகத் திரையில் தெரிந்தது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை, எல்லோரும் படித்தார்கள். எழுதியது முதல் முறையாகப் படிக்கப்படுவதை நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மேனேஜர் சொன்னார்: "ஓ, க்ளையண்ட் சைடுல பெண்டிங்கா?" க்ளையண்ட் பக்கத்து ஆள் உடனே, "இரண்டாவது ஃபான்ட் போட்டுடுங்க, இதை முன்னாடியே கேட்டிருக்கலாமே" என்றார். அரை நிமிடத்தில் முடிந்தது. மீதி நேரம் முழுவதும், டீமில் தகவல் பரிமாற்றத்தை எப்படி மேம்படுத்துவது என்று பேசினார்கள்.

முன்னாடியே கேட்டிருக்கலாமாம். டேக் செய்திருக்கிறேனே என்றதற்கு அவர் உண்மையான பதிலைச் சொன்னார். அதற்காக அந்த மனிதருக்கு ஒரு நன்றி. "ஜிராவிலிருந்து வர்ற மெயிலெல்லாம் தனி ஃபோல்டருக்குப் போயிடும். ஒரு நாளைக்கு அவ்வளவு வருது, நான் பார்க்கறதே இல்லை."

இங்கேதான் விஷயமே இருக்கிறது. டிக்கெட்டில் யாராவது ஒரு எழுத்தை மாற்றினாலும் மெயில். முன்னுரிமை மாறினால் மெயில், லேபிள் ஒட்டினால் மெயில், பக்கத்து டீம் கமெண்ட் போட்டாலும் அதே மெயில். யாருக்கு எந்த மாற்றத்துக்கு மெயில் போக வேண்டும் என்று அட்மின் அமைக்கிற வசதி அதிலேயே இருக்கிறது. தன் மாற்றங்களுக்குத் தனக்கே மெயில் வராமல் ஒவ்வொருவரும் தடுத்துக்கொள்ளலாம், தேவையில்லாத டிக்கெட்டைப் பின்தொடர்வதையும் நிறுத்திக்கொள்ளலாம். யாரும் தொடுவதில்லை. அப்படியே விட்டு, எல்லாம் எல்லோருக்கும் வந்து கொட்டி, கடைசியில் எல்லோரும் எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுகிறார்கள். ஒதுக்கியபின் எதுவும் தெரிவதில்லை. தெரியாததால் கேட்கிறார்கள். கேட்பதற்கு இன்னொரு சாட், இன்னொரு ஷீட், இன்னொரு மீட்டிங். சாட்டிலும் இதே கதைதான். இரண்டு பேருக்குச் சொல்ல வேண்டியதற்குச் சேனலில் இருக்கிற அத்தனை பேரையும் கூப்பிட்டால், கொஞ்ச நாளில் எல்லோரும் அந்தச் சேனலை ம்யூட் செய்யத்தானே செய்வார்கள்?

டிக்கெட்டுகளை அட்டைகளாக வரிசைப்படுத்திக் காட்டும் இந்தப் பலகை, அட்டை எல்லாம் எதற்கு வந்தன? டொயோட்டா தொழிற்சாலையில் டாயிச்சி ஓனோ கான்பான் அட்டைகளைக் கொண்டுவந்தது அடுத்த கட்டத்துக்கு என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும் என்பதை அட்டையே சொல்ல வேண்டும் என்பதற்காக. அட்டை திரும்பி வந்தால் செய், வராவிட்டால் செய்யாதே. யாரும் யாரையும் ஓடிப்போய்க் கேட்க வேண்டியதில்லை. நடுவில் எத்தனை அட்டை இருக்கலாம் என்பதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. பல பத்தாண்டுகள் கழித்து மென்பொருள் உலகம் அதை எடுத்துக்கொண்டது. 2011-இல் ட்ரெல்லோ என்ற பலகை மென்பொருள் வந்தபோது அது பிடித்துப்போனதற்குக் காரணமே, பார்த்த மாத்திரத்தில் எது எங்கே நிற்கிறது என்று தெரிந்ததுதான். பார்ப்பதற்காகச் செய்த பொருளைப் பார்க்க மாட்டேன் என்கிறவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? உச்சவரம்பையும் சொல்ல வேண்டும். எங்கள் பலகையில் "நடந்துகொண்டிருக்கிறது" என்ற வரிசையில் டிக்கெட்டுகள் குவிந்து கிடக்கின்றன. இத்தனைக்கு மேல் போனால் வரிசை சிவப்பாகட்டும் என்று ஒரு எண்ணைப் போட்டு வைக்கலாம். போட்டால் எல்லாமே அவசரம் என்று சொல்ல முடியாமல் போய்விடும், அதனால் போட விடமாட்டார்கள்.

மேனேஜரிடம் இதைச் சொன்னால் அஜைல் என்ற மென்பொருள் வேலை முறையைக் காட்டுகிறார். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி எழுதிய அறிக்கையில், கருவிகளைவிட மனிதர்களும் அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதும்தான் முக்கியம் என்று முதல் வரியிலேயே இருக்கிறதாம். இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் "எனி அப்டேட்?" என்பது பேச்சா? கொம்பு ஏன் நகர்கிறது என்று என்னோடு அரை மணி நேரம் உட்கார்ந்து யோசித்தாரே பக்கத்து சீட் நண்பர், அது பேச்சு. க்ளையண்ட்டுக்கு நேராக ஒரு போன் போட்டு "இரண்டில் எது?" என்று கேட்டிருந்தால் அதுவும் பேச்சு. அந்த போனை நானே போட்டிருப்பேன். க்ளையண்ட்டோடு நேராகப் பேசக்கூடாது, எல்லாம் டிக்கெட் வழியாகத்தான் போக வேண்டும் என்று விதி போட்டதும் இவர்கள்தானே! ஸ்டாண்டப்பும் அப்படித்தான். வேலை செய்கிறவர்கள் அன்றைய வேலையைத் தங்களுக்குள் திட்டமிட்டுக்கொள்ள 15 நிமிடம் என்றுதான், அஜைல் முறைகளில் ஒன்றான ஸ்க்ரமின் வழிகாட்டி சொல்கிறது. அங்கே மேனேஜர் ஒவ்வொருவராக வருகைப்பதிவு எடுப்பது எதில் எழுதியிருக்கிறது?

கேட்பதால் என்ன குறைந்துவிடும் என்று நினைப்பார்கள். தூங்கும் குழந்தையைத் தட்டி எழுப்பி "தூங்கிட்டியா?" என்று கேட்பது போலத்தான் இது. ஒரு பிழையின் நூலைப் பிடித்துக்கொண்டு நாலு ஃபைல் தள்ளிப் போயிருப்பேன், ஒரு "எனி அப்டேட்" வந்து அத்தனையும் அறுந்துபோகும். மறுபடி முதல் ஃபைலிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் டீமில் படிப்பு முடித்துப் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் இருக்கிறாள். நன்றாக வேலை செய்கிறாள். நேற்று ஏழரை மணிக்கு நான் கிளம்பும்போது, "டிராக்கரை முடிச்சுட்டுக் கிளம்பறேண்ணா" என்றாள். வேலையை ஐந்து மணிக்கே முடித்துவிட்டாள். முடித்ததைப் பல இடங்களில் எழுதுவதற்காக உட்கார்ந்திருந்தாள். எனக்கு வயிறு எரிகிறது.

இப்போது மீட்டிங்கில் எடுத்த முடிவைக் கேளுங்கள். "இந்த டூல் நமக்கு ஒத்துவரவில்லை, வேறு டூல் பார்க்கலாம்." முன்பும் இப்படித்தான் மாறினோம். பழைய கமெண்ட்டுகள் பாதி வரவே இல்லை, படங்கள் எல்லாம் உடைந்த லிங்க்குகள் ஆயின, ஏன் அப்படி முடிவெடுத்தோம் என்று இன்றைக்கும் தெரியாத விஷயங்கள் இருக்கின்றன. புது டூலிலும் இதே மனிதர்கள்தானே உட்காரப்போகிறார்கள்? அங்கேயும் டிக்கெட் போடப் பதினாலு கட்டாயப் பெட்டிகள் வைப்பார்கள். எல்லோரும் பதினாலிலும் "என்.ஏ." (பொருந்தாது) என்று அடித்துவிட்டுப் போவார்கள். அதை வைத்து ஒரு ரிப்போர்ட்டும் எடுப்பார்கள்.

டூலை மாற்ற வேண்டாம், டிராக்கரை அழியுங்கள். இன்றைக்கே அழியுங்கள், யாரும் அழமாட்டார்கள். ஸ்டேட்டஸ் டிக்கெட்டில் மட்டும் இருக்கட்டும். சந்தேகம் இருந்தால் டிக்கெட்டிலேயே, எழுதியதைப் படித்துவிட்டுக் கேளுங்கள். "எழுத்துருவை க்ளையண்ட் எப்போது சொல்வார், நான் பேசட்டுமா?" என்று கேட்டால் அது கேள்வி, அதற்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வேன். சாட்டில் ஒரு முடிவு எடுத்தால் எடுத்தவரே அதை டிக்கெட்டில் இரண்டு வரி எழுதட்டும். மெயில் அமைப்பை அட்மின் ஒரு மதியம் உட்கார்ந்து சரி செய்யட்டும். உண்மையில் ஒருவருடைய பதில் வேண்டும் என்னும்போது மட்டும் அவருக்கு மணி அடிக்கட்டும். கட்டாயப் பெட்டி மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒரு காசு செலவில்லை. மேலே இருப்பவர் ஒரே ஒரு வாரம் யாரிடமும் எதையும் கேட்காமல் பலகையைத் திறந்து பார்த்தால், கீழே இருப்பவர்கள் தானாகவே அதில் ஒழுங்காக எழுத ஆரம்பிப்பார்கள். யாரும் படிக்காத இடத்தில் யார் எழுதுவார்கள்?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சாட்டில் வந்துவிட்டது: "ரசீது டிக்கெட் க்ளோஸ் பண்ணியாச்சா?" லிங்க்கை அனுப்பிவிட்டேன்.