அண்ணனை வில்லனாக்காதீர்கள், தம்பி

போன வாரம் எங்கள் ஊர்ப் பையன் ஒருவர் வீட்டுக்குக் கதை சொல்ல வந்திருந்தார். சென்னையில் சில வருடம் உதவி இயக்குநராக இருந்துவிட்டு, இப்போது சொந்தமாக ஒரு படம் எடுக்கப் போகிறார். நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து போடும் பணம்தான் மொத்த பட்ஜெட். கோவில்பட்டியில் ஹாக்கி ஆடும் ஒரு அண்ணன், ஒரு தம்பி. ஒருவன் பிளஸ் டூ, இன்னொருவன் பத்தாம் வகுப்பு. இரண்டு பேருக்கும் நடுவில் போட்டி. நான் கொஞ்சகாலம் ஆடியவன் என்பதால் ஆட்டம் வரும் இடங்கள் சரியா என்று கேட்க வந்தார்.

ஆட்டம் வரும் இடங்கள் சரியாகவே இருந்தன. எனக்கு நெருடியது அண்ணன். இடைவேளையில் அவன் பொறாமையில் தம்பியின் ஸ்டிக்கை உடைக்கிறான். அப்புறம் குடிக்கிறான். எதிர் டீமுக்கு விலை போகிறான். கடைசியில் வெளிச்சம் கொட்டும் பெரிய மைதானம், ஆயிரக்கணக்கில் கூட்டம், தம்பி கடைசி நிமிடத்தில் கோல் போடுகிறான், அண்ணன் கேலரியில் உட்கார்ந்து அழுகிறான். சொல்லி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். எனக்கு உடனே பேச்சு வரவில்லை. அன்றைக்குச் சொல்ல முடியாமல் போனதை, அவரிடம் கேட்டுக்கொண்டு, இங்கே எழுதுகிறேன்.

நானும் ஒரு தம்பிதான். அண்ணன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். அப்பாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை, அம்மா வீட்டில் இருந்தபடியே பெட்டி ஒட்டுவாள். எங்கள் ஊரில் பையன்கள் கையில் கிரிக்கெட் மட்டை வருவதற்கு முன்னால் ஹாக்கி ஸ்டிக் வந்துவிடும். எங்கள் வீட்டுக்கும் வந்தது. ஒன்றே ஒன்று. யாரோ ஆடி முடித்துத் தள்ளிவிட்ட ஜலந்தர் ஸ்டிக். கீழ்ப்பக்கம் விரிசல் விட்டிருந்ததால் நூல் சுற்றி, மேலே பசை தடவிக் காய வைத்திருந்தோம்.

அண்ணன் சீனியர் டீம், நான் ஜூனியர் டீம். ஜூனியர் மேட்ச் முதலில் நடந்தால் நான் ஆடிவிட்டு ஓடிவந்து ஸ்டிக்கைக் கொடுப்பேன். கைப்பிடி என் வியர்வையில் ஊறியிருக்கும். அவன் சட்டையில் துடைத்துக்கொண்டு இறங்குவான். ஒன்பதாம் வகுப்பில் என்னையும் சீனியர் டீமில் எடுத்தார்கள். அதற்கப்புறம் ஒரே நேரத்தில் இரண்டு பேரும் களத்தில் இருக்கவே முடியாது. அவன் வெளியே வந்தால்தான் நான் உள்ளே போகலாம். வேறு பையனிடம் கடன் வாங்கலாம்தான். ஆனால் அடுத்தவன் ஸ்டிக்கை ஆட்டத்தில் உடைத்துவிட்டால் யார் பணம் கொடுப்பது?

எனக்குள் அவன்மேல் கோபம் வந்தது அப்போதுதான். அவன் தப்பாக ஒரு பாஸ் போட்டால் மனதுக்குள் சந்தோஷப்பட்டிருக்கிறேன். கோச் அவனை வெளியே கூப்பிடட்டும் என்று வேண்டியிருக்கிறேன். அவனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். வீட்டில் ஒரே தட்டில் சாப்பிட்டோம், மைதானத்தில் நாள்கணக்கில் பேசாமல் இருந்தோம். வெளியிலிருந்து பார்த்தவர்கள் பொறாமை என்றார்கள். வீட்டில் இரண்டு ஸ்டிக் இருந்திருந்தால் அந்தப் பொறாமை எங்கே இருந்திருக்கும்?

ஒருநாள் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்கு செலக்‌ஷன் என்றார்கள். இரண்டு பேருமே போகத்தான் ஆசைப்பட்டோம். அப்பா எதுவும் பேசவில்லை. ஒருவனாவது வேலைக்குப் போனால்தான் வீடு நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். செலக்‌ஷன் அன்று காலையில் அண்ணன் எழுந்து, ஸ்டிக்கில் நூல் அவிழ்ந்த இடத்தைப் புதிதாகச் சுற்றி என் தலைமாட்டில் வைத்துவிட்டு, வேலை கேட்டு ஒரு லாரி செட்டுக்குப் போய்விட்டான். “நீ போலே, இங்க நான் பாத்துக்கிடுதேன்” என்றது மட்டும்தான். என்னைவிட அவன் நல்ல ஆட்டக்காரன். பந்தை நிறுத்தும் விதம் பார்த்தாலே தெரியும். இதை நான் அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, எங்கள் இரண்டு பேருடைய ஆட்டத்தையும் பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அதனால்தான் திரையில் ஓர் அண்ணன் ஸ்டிக்கை உடைப்பதை என்னால் தாங்க முடியவில்லை. ஏழை வீட்டில் எவனும் ஸ்டிக்கை உடைக்க மாட்டான். எவ்வளவு கோபம் வந்தாலும் அதைச் சுவரில் பத்திரமாகச் சாய்த்து வைத்துவிட்டுத்தான் சண்டைக்குப் போவான்.

ஹாக்கி என்றால் தியான்சந்த் பெயர் எல்லாருக்கும் தெரியும். அவருடைய தம்பி ரூப் சிங்கைப் பலருக்குத் தெரியாது. 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இந்தியா அமெரிக்காவை 24-1 என்று ஜெயித்த ஆட்டத்தில் தம்பி போட்டது 10 கோல், அண்ணன் போட்டது 8. அந்தப் பயணத்துக்குப் போட்டுக்கொள்ள நல்ல துணி இல்லை என்று ரூப் சிங் வரமாட்டேன் என்றதாகவும், அண்ணன்தான் தன் காசில் கோட்டு தைத்துக் கொடுத்துக் கூட்டிப்போனதாகவும் சொல்வார்கள். ஒரே டீமில், ஒரே முன்வரிசையில், ஒரே கோலுக்கு ஓடிய இரண்டு பேர். இவர்களுக்குள் போட்டி இல்லாமலா இருந்திருக்கும்? அந்தக் கோட்டுத் துணிக்குள் ஒரு முழுப்படம் இருக்கிறது.

இன்னொன்று கண்ணால் பார்த்தது. 2016 செப்டம்பரில் மெக்சிகோவின் கோசுமெல் தீவில் நடந்த டிரையத்லான், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்க வேண்டிய பந்தயம். இங்கிலாந்தின் பிரவுன்லீ சகோதரர்கள். ஒரு மாதத்துக்கு முன்னால்தான் ரியோ ஒலிம்பிக்கில் அண்ணன் அலிஸ்டர் தங்கமும் தம்பி ஜானி வெள்ளியும் வாங்கியிருந்தார்கள். கோசுமெலில் தம்பிதான் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். கடைசிச் சில நூறு மீட்டரில் வெயில் அடித்துப்போட்டுவிட்டது, கால் பின்னிக்கொள்கிறது. பின்னால் வந்த அண்ணன் தன் ஓட்டத்தை விட்டுவிட்டு, தம்பியின் கையைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டே வந்து, முடிவுக் கோட்டுக்கு முன்னால் தம்பியை முதலில் தள்ளிவிடுகிறார். பக்கத்தில் வந்த தென்னாப்பிரிக்க வீரர் ஹென்றி ஷோமன் அவர்களைத் தாண்டிப்போய் ஜெயித்தார். தம்பி இரண்டாவது, அண்ணன் மூன்றாவது. அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. அந்த இரண்டு பேரும் காலமெல்லாம் ஒருவரையொருவர் ஜெயிக்க ஓடியவர்கள். அந்தப் போட்டியையும் அந்தக் கையையும் தனித்தனியாகப் பிரிக்க முடியவில்லை.

சின்னப் பணத்தில் இதைச் சொல்ல முடியுமா என்று கதை சொல்ல வந்த அந்தத் தம்பி கேட்கலாம். வெனிசுலாவில் மார்செல் ராஸ்குவின் என்பவர் தன் முதல் படமாக ‘எர்மானோ’ எடுத்தார். கராகஸ் நகரத்துக் குடிசைப்பகுதியில் கால்பந்து ஆடும் இரண்டு பையன்கள், அதில் ஒருவன் குழந்தையாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்டு, இன்னொருவனுக்குச் சகோதரனாக வளர்ந்தவன். பெரிய கிளப் ஒன்று சோதனை ஆட்டத்துக்குக் கூப்பிடுகிறது. இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவர் அத்தனை பாசம். இழுபறி வருவது அவர்கள் வாழும் இடத்திலிருந்து, அங்கே சுற்றும் துப்பாக்கியிலிருந்து. 2010இல் மாஸ்கோ திரைப்பட விழாவில் முதல் பரிசு வாங்கிய படம். புழுதி மைதானம்தான் அதில் பெரும்பகுதி.

எனவே என் கோரிக்கை இதுதான். பெரிய மைதானத்தையும் ஆயிரக்கணக்கான கூட்டத்தையும் எடுத்துவிடுங்கள். அதற்குச் செலவாகும் பணத்தில் பாதிப் படம் எடுக்கலாம். காலை ஆறிலிருந்து எட்டு, சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறு, அவ்வளவு வெளிச்சம் போதும். நடு மத்தியானத்தில் எடுத்தால் நிழல் காட்டிக்கொடுத்துவிடும். நடிகர்களுக்கு ஹாக்கி கற்றுக்கொடுப்பதை விட, ஆடும் பையன்களுக்கு நாலு வசனம் கற்றுக்கொடுப்பது சுலபம். குனிந்து ஓடும் முதுகை ஒரு மாதப் பயிற்சியில் கொண்டுவர முடியாது. கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்குங்கள், ஹாக்கி அங்கேதான் நடக்கிறது. சத்தத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்யுங்கள். விரிசல் விட்ட ஸ்டிக்கில் பந்து பட்டால் வேறு சத்தம் வரும். ஆடியவனுக்கு அது எலும்பு வரை தெரியும்.

கதையை அண்ணனிடமும் போனில் சொன்னேன். இப்போது சொந்தமாக ஒரு மினி லாரி வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். முழுதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: “கடைசி மேட்ச்ல மூத்தவன் ஆடுதானா, இல்ல வெளிய உக்காந்துதான் பாக்கானா?”

வெளியே உட்கார்ந்துதான் பார்க்கிறான் என்றேன். கொஞ்சநேரம் சத்தமே இல்லை. அப்புறம், “அவனையும் ஒரு அஞ்சு நிமிசம் இறக்கச் சொல்லு” என்றான்.

தம்பி, இந்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு மைதானத்துக்கு வாருங்கள். கேமரா வேண்டாம். நானும் வருகிறேன், அண்ணன் இருப்பான்.