அந்த நெயில் கன்னை ரிப்பேருக்கு அனுப்பாதீர்கள்

அமெரிக்காவில் விசையைத் தொடாமலே வெடித்ததாகச் சொல்லப்படும் துப்பாக்கிகள், கம்பெனிமீது வழக்கு, கோடிக்கணக்கில் இழப்பீடு என்று வாட்ஸ்அப்பில் ஏதாவது ஒன்று சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது. "நமக்கென்ன, இங்கே துப்பாக்கியைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம்" என்று தள்ளிவிட்டுப் போகிறோம். உரிமம் இல்லாமல் வைத்திருந்தாலே சிறையும் பிரம்படியும் என்கிற சிங்கப்பூரில் அது சரிதான். ஆனால் இந்த ஊரில் நம் ஆட்கள் நாள் முழுக்கக் கையில் பிடிக்கும் ஒரு துப்பாக்கி இருக்கிறது. பலகை அடிக்கும் இடத்தில், ரெனவேஷன் வேலையில், சரக்கு அடுக்கும் மரத்தட்டு (பேலட்) செய்யும் கம்பெனியில். காற்றழுத்தத்தில் ஆணி பாய்ச்சும் நெயில் கன்.

அமெரிக்கக் கதையில் நமக்குப் பாடம் இருப்பதால் அதை ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். ரெமிங்டன் 700 என்று ஒரு வேட்டைத் துப்பாக்கி. அதன் விசைக்குள் கனெக்டர் என்ற சின்ன உலோகத் துண்டு தனியாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு முறை சுடும்போதும் சற்று விலகித் திரும்ப வரும். அந்தச் சந்தில் தூசியோ கெட்டியான எண்ணெயோ புகுந்தால் முழுதாகத் திரும்பாது, பிறகு சேஃப்டி என்ற பாதுகாப்புப் பூட்டை எடுத்தாலே வெடிக்கும் என்பது வழக்குப் போட்டவர்களின் வாதம். கம்பெனி குறையை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் 2017இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சமரசத்தின்படி விசையை இலவசமாக மாற்றித் தர இசைந்தது. அங்கே 1972ஆம் ஆண்டின் நுகர்வோர் பொருள் பாதுகாப்புச் சட்டம் துப்பாக்கியைத் தொடவே தொடாது. 2005இல் வந்த இன்னொரு சட்டம் துப்பாக்கிக் கம்பெனிகளுக்குக் கவசம் போட்டது, ஆனால் வடிவமைப்பிலோ தயாரிப்பிலோ குறை என்றால் வழக்குப் போட வழி விட்டது. ஆகக் குறையை நிரூபிக்கும் சுமை அடிபட்டவர் தலையில். நிரூபிக்க அந்த விசை கையில் வேண்டும், அதுவும் வெடித்த அன்று இருந்தபடியே.

இங்கே நம் ஆட்கள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். ஆணி பாய்ந்த ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய கையோடு நெயில் கன் ரிப்பேர் கடைக்குப் போய்விடும், இல்லையென்றால் குப்பைத்தொட்டிக்கு. மூன்று மாதம் கழித்து லாயரிடம் போனால் அவர் கேட்கும் முதல் கேள்வி, "அந்தக் கருவி எங்கே?"

கருவிக்குள் என்ன கெடும் என்று தெரிந்தால்தான் எதைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று புரியும். நெயில் கன்னுக்கு இரண்டு பூட்டு. ஒன்று விரலில் இருக்கும் டிரிகர். இன்னொன்று மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் முனை, பலகையில் அழுந்தினால்தான் உள்ளே போகும். இரண்டும் சேர்ந்தால் ஆணி பாயும். இதில் இரண்டு ரகம். முனையை முதலில் அழுத்தி, பிறகு டிரிகரை இழுத்து, ஒவ்வோர் ஆணிக்கும் இரண்டையும் விட்டுவிட்டுத் திரும்ப அழுத்தினால்தான் அடிக்கும் என்பது ஒரு ரகம். டிரிகரைப் பிடித்தபடியே இருந்தால் முனை எதில் பட்டாலும் அடிக்கும் என்பது இன்னொன்று. வேலை வேகமாக நடக்கும் என்று பல இடங்களில் இரண்டாவதைத்தான் வாங்கித் தருகிறார்கள். காயம்படும் வாய்ப்பு அதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று அமெரிக்க ஆய்வுகள் சொல்கின்றன. பின்னடியில் கருவி துள்ளி மறுபடி பலகையில் பட்டால் கேட்காத இரண்டாவது ஆணி பாயும். அது கருவிக் கோளாறா, அந்த ரகத்தின் குணமா என்று வாதாடுவதற்கே ஒரு நிபுணர் வேண்டும்.

உண்மையான கோளாறுகள் வேறு. முனையைத் திருப்பித் தள்ளும் ஸ்பிரிங் தளர்ந்து, மரத்தூளும் சிமெண்டும் அப்பி, முனை உள்ளேயே சிக்கிக்கொண்டால் ஒரு பூட்டு போச்சு. டிரிகர் வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வளையம் கிழிந்தால் காற்று கசிந்து, சில சமயம் காற்றுக் குழாயான ஹோஸை மாட்டும்போதே வெடிக்கும். பெரும்பாலான கருவிகள் 70 முதல் 120 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரைதான் தாங்கும். கம்ப்ரசரில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டு அதற்கு மேல் ஏறினால் கெட்டது கம்ப்ரசர், பழி விழுவது கன்மேல். யாரும் கவனிக்காத ஒன்று ஹோஸ் இணைப்பு. இணைப்பின் இரண்டு பாதிகளில் வால்வு வைத்த கப்ளர் ஹோஸ் பக்கம் இருக்க வேண்டும், கருவியில் வால்வு இல்லாத திறந்த நிப்பிள் மட்டும். மாற்றி மாட்டினால் ஹோஸைக் கழற்றிய பிறகும் உள்ளே காற்று தங்கும். "கழட்டித்தானே வச்சேன், எப்படி அடிச்சுது?" என்று கேட்பவர்களுக்கு விடை பல நேரம் அந்தப் பித்தளைத் துண்டில் இருக்கும்.

அதனால் விபத்து நடந்தவுடன் காற்றை நிறுத்தி ஹோஸைக் கழற்றுங்கள். யார் கழற்றினார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அத்தோடு சரி, திரும்ப ஒரு தடவை அடித்துப் பார்ப்பது, ஆயில் விடுவது எதுவும் கூடாது. டிரிகர், முனை, சீரியல் எண் பொறித்த தகடு, இணைப்பு இரண்டு பக்கமும், கம்ப்ரசர் கேஜில் முள் நிற்கும் இடம், ஆணிப் பெட்டியின் லேபிள், எல்லாவற்றையும் கிட்டப் போய்ப் படம் எடுங்கள். கருவி கம்பெனியுடையது, தங்குவிடுதிக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாது. ஆனால் கேட்கலாம், எழுத்தில் கேட்கலாம். "அண்ணே, இன்னைக்கு என் கையில அடிச்ச நெயில் கன்னை ரிப்பேருக்கு அனுப்பாம, தூக்கிப் போடாம ஒரு பெட்டியில போட்டு வைங்க" என்று சூப்பர்வைசருக்கு அன்றே ஒரு மெசேஜ். தேதியும் நேரமும் அதிலேயே விழுந்துவிடும். பிறகு லாயர் முறையாகக் கடிதம் எழுதுவார், தேவைப்பட்டால் நீதிமன்றத்தை நாடுவார். அதற்குப் பிறகும் கருவி காணாமல் போனால் பதில் சொல்ல வேண்டியவர் கம்பெனிக்காரர்.

சங்கடமான ஒன்று. முனையைக் கம்பியால் இழுத்துக் கட்டி வைப்பது நம் சைட்டுகளில் நடக்காத காரியம் இல்லை. அப்படி இருந்தால் அதை அவிழ்த்து மறைக்காதீர்கள். யார் கட்டினார், யார் சொல்லிக் கட்டினார் என்று குறித்து வையுங்கள். சிவில் வழக்கில் உங்கள் பங்குத் தவறுக்கு ஏற்ப இழப்பீடு குறையும், முழுதாகப் போய்விடும் என்று நினைக்க வேண்டாம்.

இனி வழிகள். வேலை பெர்மிட்டில் இருப்பவருக்கு முதல் வழி வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம். யார் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை, வேலையில் வேலையால் அடிபட்டது என்றால் போதும். ஒரு நாள் எம்சி (மருத்துவ விடுப்பு) கொடுத்தாலும், லைட் டூட்டி கொடுத்தாலும் முதலாளி மனிதவள அமைச்சுக்கு அறிவிக்க வேண்டும், தகவல் தெரிந்த 10 நாளுக்குள். தொழிலாளி கோரிக்கை வைக்க விபத்து நடந்ததிலிருந்து ஓராண்டு. எம்சி சம்பளம் 14 நாள் வரை முழுதாக, ஆஸ்பத்திரி விடுப்பானால் 60 நாள் வரை முழுதாக, அதன் பின் ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு. 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்துகளுக்கு மருத்துவச் செலவு 53,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அல்லது ஓராண்டு, எது முதலில் முடிகிறதோ அது. இழப்பீட்டுத் தொகையைச் சொல்லும் கணக்குக் கடிதம் வந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் 14 நாளுக்குள் ஆட்சேபம். வலிக்கும் வேதனைக்கும் இதில் காசு கிடையாது.

அது வேண்டுமென்றால் சிவில் வழக்கு, காயம் பட்ட நாளிலிருந்து 3 ஆண்டுக்குள். முதலாளி மீது என்றால் இழப்பீட்டுச் சட்டமா, சிவில் வழக்கா, இரண்டில் ஒன்றுதான். கருவி செய்தவரோ இறக்குமதி செய்தவரோ வேறு ஆள், அவர்மீது வழக்கு தனி, ஆனால் ஒரே காயத்துக்கு இரண்டு பக்கமும் பணம் வாங்க முடியாது. எதிலும் கையெழுத்துப் போடுமுன் லாயரைப் பாருங்கள் என்று சொல்வது இதனால்தான்.

கருவிக்காரர் மீதான வழக்கு எவ்வளவு கடினம் என்பதை மறைக்க விரும்பவில்லை. சரக்கு விற்பனைச் சட்டம் வாங்கினவருக்கும் விற்றவருக்கும் இடையில், வாங்கினது கம்பெனி, நீங்கள் இல்லை. 2012இல் வந்த லெமன் சட்டம் பழுதான பொருளை மாற்றித் தரும், கிழிந்த கைக்கு எதுவும் தராது. சிறு கோரிக்கை நடுவர் மன்றம் உடற்காயத்தை எடுப்பதில்லை. மிஞ்சுவது கவனக்குறைவு வழக்கு, ஸ்காட்லாந்தில் ஜிஞ்சர் பீர் பாட்டிலில் நத்தை கிடந்ததாகப் போட்ட 1932ஆம் ஆண்டு வழக்கிலிருந்து வருவது. செய்தவர் கவனம் தவறினார் என்று நாம் காட்ட வேண்டும். பிரிட்டனில் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பொருள் பழுது, அதனால் காயம் என்று காட்டினாலே போதும், கவனக்குறைவைக் காட்டத் தேவையில்லை. சிங்கப்பூர் அந்தச் சட்டத்தை எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. கருவியை வாங்காத, விற்காத, பிடிக்க மட்டும் செய்கிற ஆளுக்கு இந்த ஏற்பாட்டில் இடமே இல்லை. இணையத்தில் நேராக வெளிநாட்டிலிருந்து வரவழைத்த கருவி என்றால் இன்னும் மோசம். வெளிநாட்டுக் கம்பெனிக்கு வழக்கு அறிவிப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்கவே நீதிமன்ற அனுமதி வேண்டும். உள்ளூர்க் கடை பில் இருந்தால் துரத்த ஓர் ஆளாவது இருப்பார்.

கடைசியாக டாக்டர் அறை. கையில் நிற்கும் ஆணியை நீங்களே பிடுங்காதீர்கள். ஆணிகளைக் கோத்திருக்கும் கம்பியும் பிளாஸ்டிக்கும் துண்டு துண்டாக உள்ளே தங்கலாம், டாக்டர் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். எப்படி நடந்தது என்று கேட்டால் "ஆணி குத்திருச்சு" என்று முடிக்காமல், "வேலை நேரத்தில், நெயில் கன், டிரிகரைத் தொடாதபோது அடித்தது" என்று நடந்ததை நடந்தபடி சொல்லி அதையே எழுதச் சொல்லுங்கள். எடுத்த ஆணியை டப்பாவில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அரசாங்கச் சட்ட உதவிப் பிரிவு குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். மற்றவர்கள் வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் அமைப்புகளான வெளிநாட்டு ஊழியர் நிலையம், டிடபிள்யூசி2 (TWC2), ஹோம் (HOME), இவற்றில் ஒன்றுக்குப் போகலாம். போகும்போது சூப்பர்வைசருக்கு அனுப்பிய அந்த மெசேஜை அழிக்காமல் போனோடு கொண்டு போங்கள்.